புது பேடு போட்டும் கீச்சிட்ட பிரேக்: வேளச்சேரி கார் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வண்டியும் புகாரும்

ஐப்பசி மழை கொஞ்சம் ஓய்ந்த சமயத்தில் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்த கார் இது. பெட்ரோல் ஹேட்ச்பேக், 58,000 கிலோமீட்டர் ஓடியது. முன்சக்கரங்களில் காற்றோட்ட டிஸ்க்கும், அதைப் பேடுகளால் இறுக்கிப் பிடிக்கிற ஒற்றை பிஸ்டன் கேலிப்பரும், பின்சக்கரங்களில் டிரம். சென்னையில் ஓடும் சின்ன கார்களில் சர்வசாதாரணமாகப் பார்க்கிற அமைப்பு.

உரிமையாளருக்கு வீடு வேளச்சேரியில், வேலை தரமணியில். தினமும் போகிற தூரம் குறைவு. ஆனால் அந்தத் தூரத்துக்குள் மிதிக்கிற பிரேக் அதிகம். 52,000 வாக்கில் பழைய பேடு (டிஸ்க்கின் மேல் உரசி வண்டியை நிறுத்துகிற கட்டை) தேய்ந்துபோக, வீட்டுக்குப் பக்கத்து கராஜில் வெளி மார்க்கெட் பேடு போட்டிருக்கிறார்கள். சில வாரங்களிலேயே சிக்னலில் வண்டி நிற்கப் போகும்போது 'கீச்' என்று சத்தம். போய்க் கேட்டால், "புது பேடு சார், ஓட ஓட செட் ஆயிடும்" என்று பதில். செட் ஆகவில்லை. அப்புறம் வேறொரு கடையில் வேறு பிராண்டு பேடு மாற்றியிருக்கிறார். கொஞ்ச காலம் சத்தமில்லை. மழை தொடங்கியதும் முன்னைவிட மோசமாகத் திரும்பி வந்துவிட்டது.

இப்போது மூன்றாவதாக, கார் கம்பெனி பெயர் போட்ட பேடையே வாங்கிவிடலாம் என்று முடிவு செய்திருந்தார். "அதை வாங்கறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க சார். பக்கத்துல நிக்கிற ஆட்டோக்காரர்கூட திரும்பிப் பாக்கறாரு" என்றார்.

வாங்குவதற்கு முன்னால் கேட்டாரே, அது நல்லதாகப் போயிற்று. பிரேக்கில் சத்தம் என்றால் பழி முதலில் பேடு மேல்தான் விழும். காசு கொடுத்து வாங்குகிற பொருள் அதுதானே. ஆனால் பேடு உட்காருகிற பிராக்கெட், அதன் காதுகளைப் பிடிக்கிற கிளிப், முதுகில் இருக்க வேண்டிய ஷிம் என்ற மெல்லிய தகடு, கேலிப்பரை நகரவிடுகிற ஸ்லைடு பின், இவற்றைத் தொடாமல் பெட்டியைப் பிரித்துப் பேடை மட்டும் சொருகினால், எவ்வளவு விலை உயர்ந்த பேடாக இருந்தாலும் சத்தம் வர வாய்ப்பு உண்டு. இந்த வண்டியில் நடந்ததும் அதுதான்.

வெளி மார்க்கெட் பேடு என்றாலே மட்டமா?

இதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் உரிமையாளர் முழுக்க அப்படித்தான் நம்பியிருந்தார். பிரேக் விஷயத்தில் சென்னை சாதாரண ஊர் இல்லை. 1962இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா பாடியில் வளர்ந்தது. ரானே பிரேக் லைனிங் 1964இல் தொடங்கி அம்பத்தூரில் வேர்பிடித்தது. சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் 1974இல் வந்தது. வண்டிக் கம்பெனிகளுக்கு நேரடியாகச் சப்ளை செய்கிறவர்களே தங்கள் சொந்தப் பெட்டியில் கடைகளுக்கும் விற்பது இந்தத் தொழிலின் நடைமுறை. அதுவும் வெளி மார்க்கெட் பேடுதான். உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் அதே அலமாரியில் யார் செய்தது என்றே எழுதியிராத பெட்டியும் இருக்கும். அதுவும் வெளி மார்க்கெட் பேடுதான். இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

இந்த வண்டியில் இருந்தது நடுத்தரமான, ஓரளவு தெரிந்த பிராண்டு. பேடின் ஓரத்தில் 'எஃப்எஃப்' என்ற இரண்டு எழுத்து அச்சாகியிருந்தது. முதல் எழுத்து சாதாரண வெப்பத்தில் உராய்வு எவ்வளவு, இரண்டாவது நன்றாகச் சூடானபின் எவ்வளவு என்பதைக் காட்டும். 'இ' என்றால் 0.25 முதல் 0.35, 'எஃப்' என்றால் 0.35 முதல் 0.45, 'ஜி' என்றால் 0.45 முதல் 0.55. ஆக, சூட்டிலும் பிடிப்பு குறையாத பேடு. பேடு சத்தம் போடுமா, சீக்கிரம் தேயுமா என்பதற்கெல்லாம் இந்தக் குறியீடு பொறுப்பேற்காது. ஆனாலும் எழுத்தே இல்லாத பேடைவிட எழுத்துள்ள பேடை நான் நம்புவேன்.

சத்தத்தை விசாரித்தது

ஜாக்கியை எடுப்பதற்கு முன் கேள்விகள். எந்த வேகத்தில் வருகிறது? லேசாக மிதிக்கும்போதா, அழுத்தி மிதிக்கும்போதா? காலையில் முதல் தடவையா, ஒரு மணி நேரம் ஓடிய பிறகா? பிரேக்கில் கால் வைக்காதபோதும் வருகிறதா? ரிவர்ஸில்?

இந்தப் பதில்களுக்குள்ளேயே பாதி விடை இருக்கும். கால் வைக்காதபோது வந்து, கால் வைத்ததும் நின்றுவிடுகிற மெல்லிய சத்தம் என்றால், பேடு தேய்ந்து அதன் எச்சரிக்கைத் தகடு டிஸ்க்கைத் தொடுகிறது, அல்லது பேடு பிராக்கெட்டில் லொடலொடவென்று கிடக்கிறது. ரிவர்ஸ் எடுத்து முதல் பிரேக்கில் ஒரே ஒரு 'டக்' என்றால், பேடு தன் இடத்தில் முன்னும் பின்னும் நகர்கிறது. மிதிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கி, பெடல் காலைத் தட்டினால் டிஸ்க்கின் தடிமன் சுற்றிலும் ஒரே மாதிரி இல்லை. 'கரகர' என்று இரும்பு அரைகிற சத்தம் கேட்டால் மேற்கொண்டு கேள்வியே வேண்டாம், வண்டியை ஓரம் கட்ட வேண்டும். அங்கே பேடின் உராய்வுப் பொருளான லைனிங் தீர்ந்து, முதுகுத் தகடு டிஸ்க்கைத் தின்றுகொண்டிருக்கும்.

இவர் சொன்னது: 30 கிலோமீட்டருக்குக் கீழே, லேசாக மிதிக்கும்போது, நிற்கும் வரை நீளமான கீச். அழுத்தி மிதித்தால் சத்தமே இல்லை. காலையில் குறைவு, ஓடிச் சூடானபின் அதிகம். நடுக்கம் கிடையாது. கொஞ்ச நாளாக மைலேஜும் குறைந்த மாதிரி இருக்கிறது என்று கடைசியில் சேர்த்துக்கொண்டார். அந்தக் கடைசி வார்த்தையை நான் தனியாகக் குறித்துக்கொண்டேன்.

அப்புறம் ஓட்டிப் பார்த்தோம். நீளமான காம்பவுண்டுச் சுவர் உள்ள ஒரு தெருவில், கண்ணாடியை இறக்கிவிட்டு, சுவர் முதலில் இடப்பக்கம் வரும்படியும் பிறகு வலப்பக்கம் வரும்படியும் போனோம். சுவரில் மோதித் திரும்பும் சத்தம் எந்தப் பக்கம் பலமோ, அந்தச் சக்கரத்தை முதலில் சந்தேகப்படலாம். வலப்பக்கம் தெளிவாகப் பலம். முன்னா பின்னா என்று பார்க்க, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் நடக்கிற வேகத்தில் ஹேண்ட் பிரேக்கை, பட்டனை அழுத்தியபடியே, மெதுவாக இழுத்தோம். இந்த மாதிரி வண்டிகளில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். சத்தம் வரவில்லை. பின் டிரம் சந்தேகப் பட்டியலில் இருந்து விலகியது.

இனி நான் முக்கியமாக நினைக்கிற சோதனை. ஒலியின் அதிர்வெண்ணைக் கோடாகக் காட்டும் இலவச ஆப் ஒன்றைப் போனில் திறந்து, பக்கத்து சீட்டில் இருந்த எங்கள் ஒர்க்‌ஷாப் பையனிடம் கொடுத்தேன். கீச் சத்தம் வரும்போதெல்லாம் 2.8 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு கூர்முனை எழுந்தது. வண்டி 30இல் போனாலும் 10இல் போனாலும் அந்த முனை இடம் மாறவில்லை. இதன் அர்த்தம் பெரியது. வீல் பேரிங், டிஸ்க்கின் பின்னால் இருக்கும் டஸ்ட் ஷீல்டு உரசல் போன்றவற்றின் சத்தம் சக்கரம் சுற்றுகிற வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். வேகம் குறைந்தும் சுருதி மாறாமல் நின்றால், டிஸ்க்கும் பேடும் கேலிப்பரும் சேர்ந்து தங்கள் இயல்பான அதிர்வெண்ணில் ஒலிக்கின்றன என்று பொருள். இந்த ரகக் கீச் சத்தம் பொதுவாக 1 கிலோஹெர்ட்ஸுக்கு மேல், பத்துப் பதினைந்து வரைக்கும் போகும். மனிதக் காது மிக நுட்பமாகக் கேட்பது 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரை. அதனால்தான் கண்ணுக்கே தெரியாத அளவு அதிர்வு, ஆட்டோக்காரரைத் திரும்பிப் பார்க்க வைக்கிறது.

திரும்பி வந்ததும், சக்கரத்தின் இடைவெளி வழியாக அகச்சிவப்பு வெப்பமானியை இரண்டு டிஸ்க்குகள் மீதும் பிடித்தேன். கடைசிக் கொஞ்ச தூரம் பிரேக்கே அதிகம் தொடாமல் ஓட்டியிருந்தோம். இடது 84 டிகிரி, வலது 131. பளபளப்பான இரும்பின் மேல் இந்தக் கருவி காட்டுகிற எண் துல்லியமாக இருக்காது. ஆனால் இரண்டு பக்கமும் அதே மாதிரி டிஸ்க்தான் என்பதால் வித்தியாசத்தை நம்பலாம். கால் எடுத்த பிறகும் வலது பேடு டிஸ்க்கை விடவில்லை. மைலேஜ் புகாருக்கும் பதில் அங்கேயே கிடைத்துவிட்டது.

கழற்றியபோது

ஜாக்கியில் ஏற்றி வலது முன்சக்கரத்தைக் கையால் சுழற்றினால் அரைச் சுற்றில் நின்றது. இடது தாராளமாகச் சுற்றியது.

இந்த வகைக் கேலிப்பர் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு வரி. பிஸ்டன் ஒரே பக்கம், உள்பக்கம்தான் இருக்கிறது. அது உள் பேடை டிஸ்க்கின் மேல் தள்ளும். அந்த எதிர்விசையில் கேலிப்பர் முழுவதும் இரண்டு ஸ்லைடு பின்கள் மேல் உள்நோக்கி நகர்ந்து, வெளிப் பேடை இழுத்து அழுத்தும். காலை எடுத்ததும் பேடைப் பின்னால் இழுக்க ஸ்பிரிங் எதுவும் கிடையாது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் லேசாக முறுக்கிக்கொண்டு போனது தளர்ந்து, மயிரிழை அளவுக்குப் பிஸ்டனைத் திரும்ப இழுக்கும். அவ்வளவுதான். ஸ்லைடு பின் சுலபமாக நகராவிட்டால் அந்த மயிரிழை விலகலும் நடக்காது.

மேல் ஸ்லைடு பின் ஒரு விரலால் தள்ளினாலே நகர்ந்தது. கீழ் பின் அசையவில்லை. பிளையரால் பிடித்துத் திருகித் திருகித்தான் வெளியே எடுக்க முடிந்தது. அதை மூடியிருக்கும் 'பூட்' என்ற ரப்பர் உறையின் உதடு ஓரத்தில் கிழிந்திருந்தது. உள்ளே இருந்த கிரீஸ் தேன் நிறத்தில், தண்ணீர் கலந்து, துருவோடு குழம்பியிருந்தது. பின்னின் நுனியில் ஒரு சின்ன ரப்பர் புஷ் உண்டு, கேலிப்பர் ஆடிச் சத்தம் போடாமல் இருக்க. அந்தப் புஷ் ஊதிப்போய், துளைக்குள் ஆப்பு அடித்த மாதிரி இறுகியிருந்தது.

காரணம் கிரீஸ். பிரேக்கில் வரும் ரப்பர்கள் கிளைக்கால் (glycol) வகை பிரேக் ஆயிலைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை. பெட்ரோலியத்தில் இருந்து வரும் சாதாரணச் சேஸிஸ் கிரீஸ், பேரிங் கிரீஸ் பட்டால் அவை ஊதிவிடும். பேடு மாற்றிய யாரோ, நல்ல எண்ணத்தோடுதான், கையில் கிடைத்த கிரீஸைத் தடவியிருக்கிறார்கள். தடவிய அன்று பின் வழுக்கிக்கொண்டு போயிருக்கும். சில வாரங்களில் புஷ் ஊதி இறுகியிருக்கும். 'கொஞ்ச காலம் சத்தமில்லை' என்று அவர் சொன்னதன் கணக்கு இதோடு பொருந்துகிறது. மழையில் தேங்கிய தண்ணீரில் வண்டி போனபோது கிழிந்த பூட் வழியாக நீர் இறங்கி, மீதி வேலையை முடித்திருக்கிறது.

கீழ் பின் நகராமல் மேல் பின் மட்டும் நகர்ந்தால் கேலிப்பர் சாய்கிறது. அதற்குச் சாட்சி உள் பேடில் இருந்தது: ஒரு முனையில் 8.4 மி.மீ., மறுமுனையில் 7.6. ஆப்பு வடிவத் தேய்மானம். இப்படிச் சாய்ந்த பேடின் முன்முனை மட்டும் டிஸ்க்கைக் கடித்துக்கொண்டு போகும். கரும்பலகையில் சாக்பீஸை நிமிர்த்திப் பிடித்துத் தள்ளினால் எப்படிக் கீச்சிடுகிறதோ, அந்தக் கதைதான்: ஒட்டுகிறது, விடுபடுகிறது, மறுபடி ஒட்டுகிறது, நொடிக்கு ஆயிரக்கணக்கில்.

அடுத்தது பிராக்கெட். பேடின் இரண்டு காதுகளும் எஃகுக் கிளிப்புகளுக்குள் கையால் தள்ளினால் நகர வேண்டும். இங்கே சுத்தியலால் தட்டித்தான் எடுத்தோம். கிளிப் பழையது. அதைக் கழற்றியபோது அடியில், பிராக்கெட்டின் வார்ப்பிரும்பில், துரு ஏடு ஏடாக எழும்பியிருந்தது. துரு, இரும்பைவிட இடம் அதிகம் எடுக்கும். அது கிளிப்பை வெளியே தள்ள, கிளிப் பேடின் காதை இறுக்கிப் பிடிக்கிறது. கடற்காற்றும் தேங்கிய நீரும் சேர்ந்த சென்னையில் இதை அடிக்கடி பார்க்கிறோம். போதாததற்குப் பேடின் காதிலும் பெயிண்ட் தடிமனாகப் படிந்திருந்தது.

கடைசியாக, பேடின் முதுகு. அங்கே ஷிம் இல்லை, வெறும் தகடு. பிஸ்டனின் விளிம்பு நேராக உரசி, கறுப்புப் பெயிண்டில் பளபளவென்று ஒரு வட்டம் விழுந்திருந்தது. வெளிப் பேடின் முதுகில் கேலிப்பர் விரல்கள் பட்ட இரண்டு இடங்களும் அதே மாதிரி மினுங்கின. ஷிம் என்பது ரப்பர் பூசிய மெல்லிய எஃகுத் தகடு. பேடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் இருந்து அதிர்வை விழுங்குகிற வேலை அதனுடையது. முதல் தடவை பழைய பேடோடு சேர்த்து ஒரிஜினல் ஷிம்மையும் குப்பையில் போட்டிருக்க வேண்டும். புதிய பேடுகள் ஷிம் இல்லாமல் வந்திருக்கின்றன. இது சின்ன விஷயமாகத் தெரியும். என் அனுபவத்தில் வெளி மார்க்கெட் பேடு போட்டபின் வரும் கீச் சத்தத்தில் இதற்கு இருக்கிற பங்கு மிகப் பெரியது.

டிஸ்க்கைக் கடையலாமா?

பையன் கேட்டான்: "அண்ணே, டிஸ்க்கைக் கொடுத்துக் கடைஞ்சுட்டு வந்துடட்டுமா? எப்படியும் கழட்டிட்டோமே."

இந்தக் கேள்வி எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் எழும். சத்தம் என்றதும் ஸ்கிம்மிங் என்று பழகிவிட்டது. நான் வேண்டாம் என்றேன். அளந்து பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். மைக்ரோமீட்டரில் டிஸ்க்கைச் சுற்றி எட்டு இடங்களில் பார்த்தோம்: 19.3 மி.மீ., இடத்துக்கு இடம் வித்தியாசம் நூறில் ஒரு மி.மீ.க்கும் குறைவு. டிஸ்க்கில் பொறித்திருந்த குறைந்தபட்சத் தடிமன் 18. டயல் கேஜ் வைத்துச் சுழற்றியபோது பக்கவாட்டு ஆட்டம் 0.04 மி.மீ. பெரும்பாலான வண்டிகளுக்கு 0.05 முதல் 0.1 வரை அனுமதி உண்டு. பெடல் துடிப்பு, ஸ்டியரிங் நடுக்கம் எதுவும் புகாரில் இல்லை. பிறகு எதற்காக நல்ல இரும்பைச் சீவி எறிய வேண்டும்?

இன்னொரு காரணமும் உண்டு. லேத்தில் டிஸ்க் சரியாக உட்காராமல் கடைந்தால், இல்லாத ஆட்டம் புதிதாக வரும். கருவி விட்டுப்போகும் சுருள் கோடு ஆழமாக இருந்தால், கிராமபோன் முள்ளைப் போலப் பேடு அதன் வழியே வெளியே இழுபட்டு, திரும்பத் தாவும்போது 'டக் டக்' என்று வேறொரு சத்தத்தை உண்டாக்கும். மினுமினுப்பாகப் படிந்திருந்த பழைய லைனிங் படலத்தை எடுத்தால் போதும். அதற்கு 120 நம்பர் எமரி பேப்பரும் பொறுமையும் போதும்.

சரிசெய்தது

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றினால் சத்தம் போகும். எது போக்கியது என்று தெரியாது. உரிமையாளரும் வண்டியை விட்டுவிட்டுப் போகச் சம்மதித்ததால் இரண்டு கட்டமாகச் செய்தோம். பேடு மட்டும் அதேதான், மாற்றவில்லை.

முதல் கட்டத்தில் ஸ்லைடு பின்னும் கிளிப்பும். பின் துளைகளில் இருந்த பழைய கிரீஸை பிரேக் கிளீனரால் முழுக்கக் கழுவி, துணியால் துடைத்தோம். புது பூட், புது புஷ். ரப்பரைக் கெடுக்காத சிலிகான் கிரீஸ், மெல்லிய பூச்சாக மட்டும். துளை நிரம்பக் கிரீஸை அடைத்தால் உள்ளே காற்று மாட்டிக்கொண்டு பின் முழுசாகப் போகாது. பிராக்கெட்டின் துருவைக் கம்பி பிரஷ்ஷாலும் அரத்தாலும் இரும்பு தெரியும்வரை எடுத்தோம். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் அந்த மாடலுக்கான கிளிப்–ஷிம் செட் தனியாகவே கிடைத்தது. அதில் கிளிப்பை மட்டும் இப்போது போட்டோம். பேடின் காதில் இருந்த அதிகப் பெயிண்டை அரத்தால் லேசாக எடுத்தோம். தகட்டை அல்ல, பெயிண்டை மட்டும். பேடு கட்டைவிரல் அழுத்தத்தில் நகர்ந்தது. கேலிப்பர் பிஸ்டனையும் தள்ளிப் பார்த்தோம், சீராகப் போனது, கசிவு இல்லை. இடப்பக்கமும் இதே வேலை. ஒரு பக்கம் மட்டும் செய்துவிட்டு விடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஓட்டிப் பார்த்தால், வெப்பம் இடது 86, வலது 90. நீளமான கீச் போய்விட்டது. ஆனால் 15 கிலோமீட்டர் வேகத்தில் மிக லேசாக மிதிக்கும்போது ஒரு குட்டிக் கீச் மட்டும் இருந்தது. போனில் பார்த்தால் அதே 2.8. டிஸ்க் ஒலிக்கும் சுருதி அதேதான். அதைக் கிளப்புகிற காரணம் பலவீனமாகிவிட்டது, அடக்குகிற பொருள் இன்னும் இல்லை.

இரண்டாம் கட்டம் ஷிம். பேடின் முதுகைச் சுத்தம் செய்து ஷிம்மை உட்காரவைத்து, பிஸ்டன் தொடும் இடத்திலும் கேலிப்பர் விரல் தொடும் இடத்திலும் அதிக வெப்பம் தாங்கும் செராமிக் கிரீஸ் ஒரு துளி. லைனிங் பக்கம் கிரீஸ் போகவே கூடாது. ஆப்பு வடிவம் 0.8 மி.மீ. என்பதால் பேடைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் எமரி பேப்பரை ஒட்டி, பேடை எட்டு வடிவத்தில் தேய்த்துச் சமப்படுத்தினோம். வித்தியாசம் 2 மி.மீ. பக்கம் இருந்திருந்தால் ஜோடியாகப் புது பேடுதான். பேடின் முன்முனை, பின்முனை இரண்டிலும் கூர்விளிம்பை அரத்தால் சாய்வாகச் சீவினோம். விலை குறைந்த பேடுகள் பலவற்றில் இந்தச் சாய்வு இருப்பதில்லை. சாய்வு இருந்தால் முன்முனை டிஸ்க்கைக் கடிக்காது.

இந்தத் தேய்ப்பு வேலையில் ஒரு எச்சரிக்கை. மாஸ்க் இல்லாமல் செய்யாதீர்கள். ஏர் ஹோஸால் பிரேக் தூசியை ஊதாதீர்கள். பெயர் தெரியாத பேடில் ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஈரத்துணியும் பிரேக் கிளீனரும்தான் பாதுகாப்பு. பேடு மாற்றுகிற பையன்கள் முகத்துக்கு நேரே அந்தக் கறுப்புத் தூசியை ஊதுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு பதறும்.

டிஸ்க்கின் இரண்டு முகங்களையும் எமரியால் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்து மினுமினுப்பை எடுத்தோம். டிஸ்க் உட்காரும் ஹப் முகத்தின் துருவையும் எடுத்தோம். அங்கே ஒரு துகள் மாட்டினாலும் டிஸ்க் கோணலாக உட்காரும். வீல் நட்டுகளை ஏர் கன்னால் முறுக்கி முடிக்காமல், டார்க் ரெஞ்சில், எதிரெதிராக, மேனுவல் சொன்ன அளவுக்கு இறுக்கினோம். வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடலைப் பலமுறை மிதித்து இறுகவைத்தோம். பிஸ்டனைத் தள்ளியிருந்தால் முதல் மிதியில் பெடல் தரையைத் தொடும். இதை மறந்து ஷெட்டிலேயே சுவரில் மோதிய வண்டிகள் உண்டு.

அப்புறம் பேடை டிஸ்க்கோடு பழக்கும் ஓட்டம். விடியற்காலையில், கூட்டம் சேருவதற்கு முன், பல்லாவரம்–துரைப்பாக்கம் ரேடியல் ரோட்டில் செய்தோம். 50இல் இருந்து 10 வரை நடுத்தர அழுத்தத்தில் குறைக்க வேண்டும், முழுசாக நிறுத்தக் கூடாது. மறுபடி வேகம் எடுத்து, டிஸ்க் ஆற அரை கிலோமீட்டராவது விட வேண்டும். எட்டுப் பத்து தடவை போதும். சூடான டிஸ்க்கின் மேல் பேடை அழுத்திப் பிடித்தபடி நின்றால், பேடின் பொருள் அந்த ஒரே இடத்தில் திட்டாக ஒட்டிக்கொள்ளும். இதைப் பழக்காமல் 'ஓட ஓட செட் ஆயிடும்' என்று விட்டால், நகர நெரிசலில் லேசான மிதிகளே மிஞ்சும், பேடின் முகம் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகிவிடும். அந்த வார்த்தையில் உண்மை கொஞ்சம் இருக்கிறது, ஆனால் ஓட்டம் எப்படிப்பட்டது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

திரும்பும் வழியில் சிக்னல்கள் எல்லாவற்றிலும் லேசாக, அழுத்தி, பாதியில் விட்டு என்று மிதித்துப் பார்த்தோம். ஆப்பில் 2.8 பக்கம் எதுவும் எழவில்லை.

ஒப்படைத்தபோது பேசியது

உரிமையாளர் முதலில் கேட்டது, "அப்போ புது பேடு எது போட்டீங்க?" அதே பேடுதான் என்றதும் அவர் நம்பத் தயங்கினார். பழைய புஷ்ஷையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினோம். ஊதியது எது என்று கேட்கத் தேவையில்லாத அளவு வித்தியாசம். கிளிப், ஷிம், பூட், புஷ் எல்லாம் சேர்ந்த செலவு, அவர் வாங்க இருந்த பேடின் விலையைவிடக் குறைவு. வேலைக்கூலி கூடுதல்தான். பேடை மட்டும் மாற்றினால் ஆகிற நேரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு இதற்கு ஆகும், அந்தக் கூலியைக் கேட்டு வாங்குவதில் தப்பில்லை என்று நினைக்கிறேன்.

ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினேன். முன்பு யாரோ சத்தத்துக்காக டிஸ்க் மேல் எண்ணெய் ஸ்ப்ரே அடித்துப் பார்க்கச் சொன்னார்களாம். அடிக்கவே அடிக்காதீர்கள். சத்தம் நிற்கும், வண்டி நிற்காது. எண்ணெய் குடித்த பேடைக் கழுவி மீட்க முடியாது.

மழை பெய்த மறுநாள் காலையில் வண்டியை எடுத்ததும் முதல் சில பிரேக்கில் 'சர்' என்று ஒரு உரசல் வரும் என்றும் சொன்னோம். டிஸ்க் வார்ப்பிரும்பு. ராத்திரி ஈரத்திலேயே அதன் முகத்தில் செம்மண் நிறத்தில் மெல்லிய துரு படிந்துவிடும். இரண்டு மூன்று பிரேக்கில் பேடு அதைத் துடைத்துவிடும். அதற்காக யாரும் வண்டியைக் கழற்ற வேண்டியதில்லை.

அடுத்த சர்வீஸுக்கு வந்தபோது வண்டி 61,000 கடந்திருந்தது. சக்கரத்தைக் கழற்றி அளந்தோம். உள் பேடு இரு முனையிலும் ஒரே அளவு, வெளிப் பேடோடு ஒப்பிட்டாலும் அரை மி.மீ.க்குள். இரண்டு ஸ்லைடு பின்களும் விரலுக்கு நகர்ந்தன. மைலேஜ் பழைய இடத்துக்கு வந்துவிட்டதாகச் சொன்னார். ரிவர்ஸ் எடுத்து முதல் பிரேக்கில் மட்டும் மெல்லிய 'டக்' ஒன்று கேட்கிறதாம். பேடின் காதுக்கும் கிளிப்புக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சின்ன இடைவெளி இல்லாவிட்டால் பேடு நகராது. அதை இறுக்கப் போனால் பழைய கதைக்கே திரும்புவோம் என்று விளக்கினோம். சரி, அது இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, ஏசி காற்று குறைவாக வருவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.